மேஜரின் தொண்டை

காலை ஐந்தே முக்காலுக்குப் பலாமரத்தின் பின்னால் நின்றுகொண்டு ஹெர்பர்ட் ஞானரட்ணம் குரைத்தார்.

முதல் குரைப்பு சரியாக வரவில்லை. பல்செட் நழுவி முன்னால் வந்துவிட்டது. அதைக் கழற்றிக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு, இரண்டு கைகளையும் வாயருகே குவித்து மறுபடியும் குரைத்தார். இந்த முறை ஓரளவு நாய் மாதிரி இருந்தது.

கொக்கோக் காய்களைக் கடித்துத் துப்பிக்கொண்டிருந்த குரங்குகள் கீழே எட்டிப் பார்த்தன. சாரத்துக்கு மேல் கம்பளிக் கோட்டுப் போட்ட அறுபத்தெட்டு வயதுக் கனவான் ஒருவர் பல்லில்லாமல் தங்களைப் பார்த்துக் குரைப்பதை அவை சற்று நேரம் கவனித்தன. பிறகு, பயத்தினாலா சங்கடத்தினாலா என்று சொல்ல முடியாது, ஒவ்வொன்றாக வேலிக்கு அப்பால் தாவிப் போயின.

நியாயப்படி குரைத்திருக்க வேண்டிய மேஜர், குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் சாக்கின் மேல் தூங்கிக்கொண்டிருந்தது.

மேஜருக்கு வயது பதினான்கு. ஒரு கண்ணில் பூ விழுந்திருந்தது. பின்னங்கால்கள் படி ஏறும்போது ஒன்றுக்கொன்று கலந்தாலோசித்துத்தான் ஏறும். காது எவ்வளவு கேட்கிறது என்பது அதற்கே தெரியாது. இதெல்லாம் ஹெர்பர்ட் அறிந்ததுதான். ஆனால் பத்து நாட்களாக மேஜரின் சத்தமே இல்லை என்பதுதான் அவரைக் கட்டிலிலிருந்து கிளப்பியது.

பலாபத்வலைச் சந்தியிலிருந்து உள்ளே திரும்பும் ஒழுங்கையில், மிளகும் கொக்கோவும் கராம்பும் நிற்கும் இரண்டு ஏக்கர் காணி ஹெர்பர்ட்டுடையது. பின்னால் காடு. காட்டிலிருந்து பகலில் குரங்கு வரும், பொழுது சாய்ந்தால் பன்றி வரும். முன்பெல்லாம் அவற்றைச் சுட வீட்டுக்கு வீடு துவக்கு இருந்தது. போன இரண்டு வருடக் கலவரத்தில், கிளர்ச்சிக்காரர் வந்து பிடுங்கிப் போவதற்கு முன் பொலிசில் ஒப்படைத்துவிடுவது நல்லது என்று எல்லோரும் ஒப்படைத்தார்கள். இப்போது 1990 மார்ச். திருப்பிக் கேட்கப் போனால் கேட்டவனுடைய பெயரையும் எழுதிக்கொள்வார்களோ என்று யாரும் போகவில்லை. மிருகங்களுக்கு இந்த விவரம் எப்படியோ தெரிந்துவிட்டது.

ஆகவே காவலுக்கு இருந்தது மேஜர் ஒன்றுதான். பதினான்கு வருடங்களாக ஹெர்பர்ட் அதன் வேலையைக் கண்காணித்து வந்தார். கண்காணிப்பது என்றால், கட்டிலில் படுத்தபடி காதால் கண்காணிப்பது. ஆறரைக்கு முன் அவர் தரையில் கால் வைத்ததில்லை. விடியும்போது மூன்று குரைப்பு, ஒரு நிறுத்தம், பிறகு இரண்டு. "மேஜர் டியூட்டியில இருக்கான்" என்று சொல்லிவிட்டு மறுபக்கம் புரண்டு படுப்பார்.

1981இல் ஒரு சிறுத்தை ஆட்டுக்கொட்டில்வரை வந்தபோதும், போர்வைக்குள்ளிருந்தே மேஜரின் வீரத்தைச் செவிமடுத்தார். அந்தக் கதையைப் பிறகு அவர் சொல்லாத ஆளில்லை. முதல் வருடம் மேஜர் சிறுத்தையை வேலிவரை விரட்டியது. அடுத்த வருடம் ஆற்றுவரை. இந்த வருடக் கணக்கில் சிறுத்தை பல மைல் வடக்கே இருக்கும் நாலந்தா ஊரைத் தாண்டியிருந்தது. நாடு இருந்த இருப்பில் அந்த மிருகத்தின் மற்றப் பெயரை வாயில் எடுக்கச் சனங்கள் பயந்தார்கள். அதனால் ஹெர்பர்ட்டும் எச்சரிக்கையாகச் 'சிறுத்தை' என்றே சொல்லி வந்தார்.

அந்த மேஜர் ஓய்ந்துவிட்டது. ஓய்ந்தால் என்ன, கிழட்டு நாய் சாக்கில் படுத்துக் கிடக்கட்டுமே என்று வேறொருவர் விட்டிருப்பார். ஹெர்பர்ட் அப்படி விட முடியாது. அதற்குக் காரணம் ஹெர்பர்ட்தான்.

அறுநூறு பேர் வேலை செய்த தோட்டத்தில் அவர் பெரிய கிளாக்கராக இருந்தவர். காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்தும் பெரட்டுக் களத்தில் அவர் செக்ரோல் என்ற பெயர்ப் பதிவேட்டைத் திறந்தால் கைக்குழந்தைகள்கூட அழுகையை நிறுத்தும் என்று அவரே சொல்லியிருக்கிறார். அவருடைய ஒபிசில் ஒரு விதி இருந்தது: வேலை நின்ற அன்றைக்கே தோட்டம் கொடுக்கும் அரிசியும் நிற்க வேண்டும். வயசாளிகள் வந்து எவ்வளவு மன்றாடினாலும் அந்த விதி அசைந்ததில்லை. பிறகு அரசாங்கம் தோட்டத்தை எடுத்தது. மீசை அரும்பாத ஒரு புதுத் தலைவர் நாலு வரிக் கடிதத்தில் ஹெர்பர்ட்டையும் நிறுத்தினார். அரிசியும் அந்த மாதமே நின்றது. கப்பலேறப் போன துரை கடைசியாக அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனது ஒரு நாய்க்குட்டி.

அந்தக் குட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே ஹெர்பர்ட் விதியை வாசித்துவிட்டார். "கொரைக்கிற வரைக்கும் சோறு. கொரைக்கலன்னா மாத்தளையில மிருக டொக்டர்கிட்ட ஒரு ஊசி. ஒழுங்குன்னா ஒழுங்குதான்."

சொன்னதோடு நின்றிருக்கலாம். இரண்டு வருடங்களுக்கு முன்னால், உக்குவளையில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்ற சிறில், சர்ச் வாசலில் தன் நாய் பிரின்ஸைப் பற்றிக் கவலைப்பட்டார். கண் தெரியவில்லை, சத்தம் இல்லை, என்ன செய்வதென்று விளங்கவில்லை என்றார். ஹெர்பர்ட் அரைமணி நேரம் பிரசங்கம் செய்தார். மிருக டொக்டருக்குத் தானே கடிதம் எழுதி, ஒரு பிரதியைக் கோப்பில் போட்டுக்கொண்டார். புதன்கிழமை சிறில் பிரின்ஸைக் கூடையில் வைத்து பஸ்ஸில் கொண்டுபோனார். திரும்பி வரும்போது வெறுங்கூடை மடியில் இருந்தது.

அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் ஆராதனை முடிந்ததும் சிறில் ஒரே கேள்வியைக் கேட்பார். "மேஜர் எப்பிடி ஹெர்பர்ட், கொரைக்கிறானா?"

"கொரைக்கிறான் சிறில்."

இல்லை என்று ஒரு ஞாயிறு சொல்லிவிட்டால், அடுத்த புதன் கூடையும் பஸ்ஸும்தான். அதனால்தான் பலாமரம்.

பல்செட்டை மாட்டிக்கொண்டு அவர் குசினிக்குள் வந்தபோது மேஜர் கண்ணைத் திறக்காமல் வாலை மட்டும் ஒருதரம் சாக்கில் அடித்தது. வேலையைச் சின்னவரிடம் ஒப்படைத்துவிட்ட பெரிய அதிகாரியின் தோரணை.

அவருடைய மனைவி டொறீன் தேத்தண்ணீரோடு ஒரு கலண்டர் தாளையும் நீட்டினார். தாளின் பின்பக்கத்தில் எழுதியிருந்தது: 'மேஜர் இன்றைக்குக் குரைத்தது போல. சத்தம் கொஞ்சம் மாறியிருக்கிறது.'

"குளிர்" என்றார் ஹெர்பர்ட். "குளிருக்குத் தொண்டை மாறும்."

டொறீன் தலையை ஆட்டினார். லெந்துத் தவக்காலப் பாட்டுகளுக்குச் சர்ச்சில் கொயர் பழக்கம் தொடங்கியதிலிருந்து அவருக்குத் தொண்டைக்கட்டு. ஒரு சொல்லும் பேசக்கூடாது என்று டிஸ்பென்சரி டொக்டர் சொல்லியிருந்தார். கழுத்தில் பிளானல் துணியைச் சுற்றிக்கொண்டு, சொல்ல வேண்டியதையெல்லாம் கலண்டர் தாளில் எழுதி வந்தார். நாற்பது வருடத் தாம்பத்தியத்தில் இப்படியொரு நிம்மதி கிடைத்ததற்காக ஹெர்பர்ட் ஆண்டவருக்கு நன்றி சொல்லியிருந்தார்.

மறுநாள் காலை அவர் பலாமரத்தடிக்குப் போனபோது அஞ்சலா அங்கே வாளியோடு நின்றாள். மிளகு ஆய்வதிலிருந்து சமையல்வரை இருபது வருடங்களாக அந்த வீட்டில் எல்லாவற்றையும் செய்பவள் அவள். ஹெர்பர்ட் குவித்த கையை இறக்கி, மூக்கைச் சொறிவது போல் பாவனை செய்தார்.

அஞ்சலா சிரிக்கவில்லை. "ஐயா, இங்க நின்னா சத்தம் மேல ஏறாதுங்க. தண்ணித் தொட்டிக்குப் பின்னால நின்னு பாருங்க. சொவத்துல பட்டு நல்லா ரெட்டிப்பாக் கேக்கும்."

"ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

"தெரியும்ங்க" என்றுவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

தொட்டிக்குப் பின்னால் உண்மையாகவே சத்தம் இரட்டிப்பாகத்தான் இருந்தது. படிக்காத சனத்துக்கும் சிலசமயம் புத்தி இருக்கிறது என்று ஹெர்பர்ட் பெருந்தன்மையாக நினைத்துக்கொண்டார்.

அதோடு விட்டிருந்தால் விஷயம் வேலிக்குள் முடிந்திருக்கும். ஆனால் சந்தியில் மக்கீன் நானாவின் கடைக்குப் பேப்பர் வாங்கப் போனவர் பேப்பரோடு மட்டும் திரும்பவில்லை.

"கிளாக்கர் ஐயா, உங்கட நாய் காலைல என்னமா கொரைக்கிது! இந்த வயசுல!" என்றார் மக்கீன்.

"வயசா? மேஜருக்கு வயசு ஏற ஏறத்தான் தொண்டை தெறக்கிது" என்றார் ஹெர்பர்ட். தன் குரலுக்குக் கிடைத்த பாராட்டு என்பதால் நெஞ்சு கொஞ்சம் விரிந்திருந்தது. "அது சாதி நாய் மக்கீன். தொரை பங்களாவுல பொறந்தது."

மக்கீன் முன்னால் குனிந்தார். "அப்ப எனக்கு ஒரு ஒதவி. உங்கட வேலிக்கு அங்கால எங்கட மரவள்ளித் தோட்டத்த பண்டி கிண்டிப் போடுது. பொழுதுபடுற நேரம் மேஜர அந்தப் பக்கமா நின்டு நாலு கொரை கொரைக்கச் சொல்லுங்களே."

முடியாது என்று சொல்லத்தான் ஹெர்பர்ட் வாயைத் திறந்தார். ஆனால் முடியாது என்றால் காரணம் சொல்ல வேண்டும். காரணம் சொன்னால் அது ஞாயிற்றுக்கிழமைக்குள் சிறிலின் காதுக்குப் போகும்.

"சொல்றேன்" என்றார்.

அன்று மாலையிலிருந்து வேலையில் இரண்டாவது ஷிப்டும் சேர்ந்தது. மாலை ஆறேகாலுக்கு, கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, மரவள்ளிப் பக்க வேலியோரம் குந்தி அவர் குரைத்தார். மூன்று, ஒரு நிறுத்தம், பிறகு இரண்டு. பன்றிகள் உறுமிக்கொண்டு காட்டுக்குத் திரும்பின. அடுத்த நாளும் ஆறேகால். அதற்கடுத்த நாளும் ஆறேகால். முப்பது வருடம் ஒபிசுக்கு ஒரு நிமிடமும் பிந்தாத மனுஷர்.

நாலாம் நாள் மத்தியானம் மக்கீன் விறாந்தைக்கே வந்துவிட்டார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"ஐயா, பண்டி போய்ட்டுது. அது சரி. ஆனா ஒழுங்கையில சனம் பயந்து போயி ஈக்கிது."

"என்னாத்துக்கு?"

"போன வருசம் பொழுதுபட்ட பொறகு நாய் கொரைச்சா என்னண்டு உங்களுக்குத் தெரியும்தானே. யாரோ பொடியன்மாரப் பிடிச்சிட்டுப் போக வாராங்க. உங்கட நாய் கொரைச்ச ஒடன மேல் வீட்டு லொக்குபண்டா மகனக் கராம்பு காயப்போடுற பரணுக்கு ஏத்திப் போடுறாராம். மூணு நாளா அந்தப் பொடியன் சோறு திண்டது பரணுலதான். நம்மட ஊட்டுலயும் நூருன்னிஸா வெளக்க நூத்துட்டு, இருட்டுல குந்திட்டு ஓதுறா."

"அவவுக்கு நீங்க வெசயத்தச் சொல்லலாமே?"

"சொன்னேன். மேஜர் ஆளக் கண்டாத்தான் கொரைக்கும், பண்டிக்கிக் கொரைக்காதுண்டு நீங்கதானே எல்லாருக்கும் சொல்லி வச்சிருக்கீங்களாம்."

சொல்லித்தான் இருந்தார். சிறுத்தைக் கதையின் முன்னுரையில் அது வரும். ஹெர்பர்ட் வாசற்படியைப் பார்த்தார். சாக்கிலிருந்து எழுந்து வெயிலுக்கு வந்திருந்த மேஜர் அவருடைய செருப்பின் மேல் தாடையை வைத்துக் கிடந்தது. இந்த நாயின் வாயைத் திறந்து வைப்பதற்காக ஒரு ஒழுங்கையே வாயை மூடிக்கொண்டு இருட்டில் குந்தியிருக்கிறது என்பதை நினைக்க அவருக்குக் கூச்சமாக இருந்தது.

மாலை ஷிப்டை அன்றே நிறுத்திவிட முடிவு செய்தார். நல்ல முடிவு. ஒரு நாள் பிந்திய முடிவு.

வெள்ளிக்கிழமை காலை பொலிஸ் சார்ஜன்ட் ஜீப்பில் வந்து இறங்கினார். மரியாதையானவர். கதிரையில் உட்காரும் முன் அனுமதி கேட்டார். பிறகு கொப்பியைத் திறந்து, 'ஐயா' என்பதற்கு 'மாத்தயா' போட்டுச் சிங்களத்தில் விசாரித்தார்.

"மாத்தயா, ஒவ்வொரு நாளும் பின்னேரம் ஆறேகாலுக்கு உங்கள் காணிக்குள்ளால் யார் போகிறார்கள்?"

ஹெர்பர்ட் கொப்பியைப் பார்த்தார். அந்த வருடங்களில் கொப்பியில் எழுதப்பட்ட ஒரு கேள்விக்கு ஆட்கள் காணாமல் போயிருக்கிறார்கள்.

"யாரும் இல்லை. பன்றி."

"தினமும் ஆறேகாலுக்கா? பன்றி கடிகாரம் கட்டியிருக்கிறதா?"

மிருகங்கள் நேரம் பார்ப்பதில்லை, கிளாக்கர்கள்தான் பார்ப்பார்கள் என்பது ஹெர்பர்ட்டுக்கு அப்போதுதான் உறைத்தது. உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் ஓய்வு பெற்ற பெரிய கிளாக்கர் ஒருவர் அரசாங்க உத்தியோகத்தர் முன்னால், அதுவும் பதிவாகும் இடத்தில், 'குரைத்தது நான்' என்று சொல்வதெப்படி?

"நாய் அப்படிப் பழக்கப்பட்டது" என்றார். "ஆள் வந்தாலும் வராவிட்டாலும் ஆறேகாலுக்குக் குரைக்கும். நான் பழக்கியது."

சார்ஜன்ட் பேனாவை நிறுத்தினார். முகத்தில் சந்தேகம் போய் மரியாதை வந்தது. "நேரம் பார்த்துக் குரைக்கிற நாயா?"

"நிமிஷம் தவறாது."

"அப்படியென்றால் எங்களுக்கு வேண்டும்" என்றார் சார்ஜன்ட். "சந்திக் காவலரணில் இருந்த நாய் செத்துப்போனது. பையன்கள் சாமத்தில் தூங்கிவிடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குக் கயிற்றோடு வருகிறேன். ரசீது தருவேன்."

"அவனுக்கு வயது போய்விட்டது!" ஹெர்பர்ட் எழுந்தே விட்டார். "கண் தெரியாது. நடக்க மாட்டான்."

"ரோட்டில் நின்று நானே கேட்டேன் மாத்தயா. வயது போன நாயின் சத்தமா அது? நல்ல வாலிபக் குரல்."

அந்த நிலையிலும் ஹெர்பர்ட்டின் உள்ளே எங்கோ ஒரு மூலை பெருமைப்பட்டது. அதற்காக அவர் பிறகு தன்னை வெறுத்தார்.

மணல்மூட்டை அடுக்கிய காவலரணில், மழையில், முன்பின் தெரியாத பையன்களின் சப்பாத்துக் கால்களுக்கிடையில் மேஜர். குரைக்காததைக் கண்டதும் அவர்கள் ஊசிக்கெல்லாம் மாத்தளைக்குப் போக மாட்டார்கள். அவர்களிடம் துவக்கு இருந்தது.

சனிக்கிழமை விடியலில் காலை ஷிப்டுக்கு ஹெர்பர்ட் தொட்டிக்குப் பின்னால் போய் வாயைத் திறந்தார். காற்று மட்டும் வந்தது. குரல் செத்துப்போயிருந்தது.

டொறீன் ஒன்றும் எழுதிக் கேட்கவில்லை. தன் பிளாஸ்கிலிருந்து கொத்தமல்லித் தண்ணீரை ஒரு கோப்பையில் ஊற்றி அவர் முன்னால் வைத்தார். அன்று முழுவதும் புருஷனும் பெண்சாதியும் எதிரெதிரே உட்கார்ந்து, இருவரும் ஊமையாக, ஒரே பிளாஸ்கிலிருந்து குடித்தார்கள். மேஜர் நடுவில் கிடந்து குறட்டை விட்டது. வீட்டில் அதுதான் பெரிய சத்தம்.

ஞாயிறு ஆராதனையில் வேதபாடம் வாசிப்பது ஹெர்பர்ட்டின் உரிமை. பதினொரு வருடங்களாக யாருக்கும் விட்டுக்கொடுக்காத உரிமை. அன்று பிரசங்க மேடையில் நின்று வாயை அசைத்தார். முன்வரிசைக்கு மட்டும் இரும்புக் கேற் திறக்கிற மாதிரி ஏதோ கேட்டது. சபை மிகுந்த பயபக்தியோடு இருந்தது. இவ்வளவு உருக்கமாக அவர் என்றைக்கும் வாசித்ததில்லை என்று இரண்டு பேர் சொன்னார்கள்.

வாசலில் சிறில் காத்திருந்தார். "மேஜர் எப்பிடி ஹெர்பர்ட், கொரைக்கிறானா?"

ஹெர்பர்ட் தலையை ஆட்டினார்.

"பொழுதுபட்டும் கொரைக்கிறானாமே. மக்கீன் கடையில சொன்னாங்க." சிறில் தொப்பியைக் கையில் சுழற்றினார். "நாலு மணிக்கு வரவா? ஒரு தரம் பாக்கணும் போல இருக்கு. பிரின்ஸ விட மேஜர் ஒரு வருசம் மூத்தவன்."

வேண்டாம் என்று சொல்லக் குரல் வேண்டும். ஹெர்பர்ட்டிடம் அது இல்லை.

ஆகவே நாலு மணிக்கு விறாந்தையில் இரண்டு கதிரைகள் நிரம்பின. ஒன்றில் சிறில். மற்றதில் சார்ஜன்ட், முழங்காலில் சுருட்டிய புதுக் கயிறு. மேஜர் குரைத்தால் சார்ஜன்ட் கொண்டுபோவார். குரைக்காவிட்டால் சிறிலுக்கு முன்னால் புதன்கிழமைக் கூடை. எந்தப் பக்கம் திரும்பினாலும் நாயைக் காப்பாற்ற வழியில்லாதபடி, எல்லாவற்றையும் ஹெர்பர்ட் தன் வாயாலேயே கட்டிவைத்திருந்தார்.

நடுவில் மேஜர். தாடை வழக்கம்போல் ஹெர்பர்ட்டின் செருப்பின் மேல்.

ஓட்டின் மேல் சடசடவென்று குரங்குகள் இறங்கின. ஒன்று விறாந்தைத் தூணைப் பிடித்துக்கொண்டு தலைகீழாக எட்டிப் பார்த்தது. இன்னொன்று முற்றத்துக்கே வந்து, மேஜருக்குப் பத்தடி தூரத்தில் உட்கார்ந்து, காயவைத்த மிளகைக் கிளறியது.

மூன்று பேரும் மேஜரைப் பார்த்தார்கள். மேஜர் ஒரு பெருமூச்சு விட்டது. அவ்வளவுதான்.

சிறிலின் கண் மேஜரை விட்டு நகரவில்லை. அது ஹெர்பர்ட்டுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"சிறில்" என்றார். கரகரத்த காற்றுத்தான் வந்தது. சிறில் காதை நீட்டினார். "பத்து நாளுக்கு மேலாச்சு இவன் கொரைச்சு. கொரைச்சது நான்."

சிறில் தொப்பியை மடியில் வைத்தார்.

"தொட்டிக்குப் பின்னால நின்னு, காலையில. வேலிப்பக்கம் குந்திக்கிட்டு, பின்னேரம். ஊசி போட என்னால ஏலாது சிறில். ஒங்களுக்குச் சொன்ன சட்டம் எனக்கு ஏலல்ல. நீங்க போய் சர்ச்சுல எல்லாருக்கும் சொல்லுங்க."

சிறில் முற்றத்துப் பக்கம் திரும்பினார். திட்டுவார் என்று ஹெர்பர்ட் எதிர்பார்த்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"பிரின்ஸுக்கு நான் கொரைச்சிருக்கலாமே" என்றார் சிறில் மெதுவாக. "அந்த யோசன எனக்கு வரல்லியே ஹெர்பர்ட்."

ஹெர்பர்ட் குனிந்து மேஜரின் காதைத் தடவினார். வேறெங்கும் பார்க்க முடியவில்லை.

சார்ஜன்டுக்குத் தமிழ் பாதிதான் விளங்கியது. விளங்கிய பாதியை அவர் நம்பவில்லை. "மாத்தயாவா குரைத்தது? நாயைத் தரப் பிரியமில்லை என்றால் நேரே சொல்லலாமே. நான் சின்னப் பிள்ளையா?" கயிற்றைப் பிரித்தபடி எழுந்தார். "சரி, குரைத்துக் காட்டுங்கள்."

ஹெர்பர்ட் எழுந்தார். பல்செட்டைக் கழற்றிக் கதிரைக் கையில் வைத்தார். அறுநூறு பேரைப் பெரட்டில் நிறுத்தி வைத்த மனுஷர், ஒரு பொலிஸ்காரருக்கும் ஒரு ஸ்டேஷன் மாஸ்டருக்கும் ஏழு குரங்குகளுக்கும் முன்னால் முற்றத்தில் இறங்கி, கைகளைக் குவித்து, தன் பலம் முழுவதையும் கூட்டிக் குரைத்தார்.

உலர்ந்த கதவுக் கீல் போல ஒரு கீச்சு வந்தது. முற்றத்துக் குரங்கு ஒரு மிளகைத் துப்பிவிட்டு அடுத்ததை எடுத்தது.

"அதுதானே" என்றார் சார்ஜன்ட். கயிற்றில் சுருக்குப் போட்டு மேஜரை நோக்கிக் குனிந்தார்.

அப்போது வீட்டுக்குப் பின்னாலிருந்து அந்தச் சத்தம் வந்தது.

மூன்று குரைப்பு. ஒரு நிறுத்தம். பிறகு இரண்டு.

கனத்த, முழுத்த, நெஞ்சிலிருந்து கிளம்பி வருகிற குரைப்பு. தண்ணீர்த் தொட்டிச் சுவரில் பட்டு இரட்டித்து, கூரையைச் சுற்றிக்கொண்டு முற்றத்தில் இறங்கியது. தூணில் தொங்கிய குரங்கு கீழே விழுந்து எழும்பி ஓடியது. மற்றவை அதன் மேலாலேயே தாவிக் காட்டுக்குள் மறைந்தன. அடுத்த காணியில் ஒரு பன்றி உறுமிக்கொண்டு ஓடுவதுகூடக் கேட்டது.

பதினான்கு வருடங்களாகப் போர்வைக்குள் கேட்ட அதே சத்தம்.

சார்ஜன்ட் மேஜரைப் பார்த்தார். அது தூங்கிக்கொண்டிருந்தது. ஹெர்பர்ட்டின் வாயைப் பார்த்தார். அதில் பல்லும் இல்லை, சத்தமும் இல்லை. சுருக்கை அவிழ்த்துக் கயிற்றைச் சுருட்டிக் காற்சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டார். இந்த வீட்டில் எது குரைக்கிறது என்பதைக் கொப்பியில் எழுத அவருக்கு விருப்பமில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

மூன்று கோப்பைத் தேத்தண்ணீரோடு அஞ்சலா விறாந்தைக்கு வந்தாள். ஹெர்பர்ட் அவள் கையைப் பிடிக்காத குறையாக, பல்லில்லாத வாயால், காற்றில் கேட்டார். "அஞ்சலா... அது யாரு கொரைச்சது?"

அஞ்சலா தட்டத்தை ஸ்டூலில் வைத்தாள். மேஜரை மிதிக்காமல் சுற்றிப் போய், பல்செட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"அம்மாவுக்கு இப்பத்தாங்க தொண்டை தெறந்திருக்கு. மேஜர் குட்டியா வந்த நாள்லேருந்தே ஊமைங்கையா, நீங்க ஊசி போட்டுருவீங்கன்னு பயந்து பதினாலு வருசமா கொரைச்சது அம்மாதான். அந்தச் சிறுத்தைய வெரட்டுனதும் அவங்கதாங்க."